வீட்டை விற்கும் முன் மராமத்து பார்க்கலாமா? டைல்சுக்கு முன்னாடி பட்டாவை பாருங்க!

சாலவாக்கம்,

வீட்டை கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது பழமொழி. வீட்டை விற்றுப்பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அதுவும் அதே அளவுக்கு தலைவலியாகி விட்டது.

காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூர் தாலுகா சாலவாக்கம் பக்கம் வீட்டை விற்க நினைப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு காரணம். மகனுக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை, அங்கேயே போய்விடலாம் என்பது ஒரு குடும்பம். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, கழுத்தை நெரிக்கும் கடன் என்பது இன்னொரு குடும்பம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்க வேறு வழியில்லை என்பது மற்றொன்று.

காரணம் எதுவானாலும் முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான். இருக்கிறபடியே விற்பதா? இல்லை, கையில் இருப்பதை போட்டு, பத்தாததற்கு கடனை வாங்கி, 'டைல்ஸ்' ஒட்டி 'பெயிண்ட்' அடித்து பளபளவென்று ஆக்கி விற்பதா?

அவசரப்பட்டு கொத்தனாரை கூப்பிடும் முன்பு கொஞ்சம் கணக்கு போட்டு பார்த்துவிடுவது நல்லது. கிராமத்து வீட்டு விஷயத்தில் நகரத்து கணக்கு அப்படியே பொருந்தாது.

வாங்குபவர் எதற்கு காசு கொடுக்கிறார்?

சென்னையில் ஒரு பிளாட்டை வாங்குபவர் பெரும்பாலும் கட்டிடத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். கிராமத்தில் அப்படி அல்ல. மனைக்குத்தான் விலை. எத்தனை சென்ட், ரோடு எத்தனை அடி, தண்ணீர் நன்றாக இருக்கிறதா, பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கட்டிடம் அப்புறம்தான்.

அதிலும் ஓட்டு வீடு, பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் வாங்குபவர்களில் பலர் அதை இடித்துவிட்டு புதுசாக கட்டிக்கொள்ளும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். இடிக்கப்போகிற சுவருக்கு பெயிண்ட் அடித்து என்ன லாபம்?

இது நம் ஊர் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் எந்த வீட்டு வேலைக்கு போட்ட காசு விற்கும்போது எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஆண்டுதோறும் கணக்கு எடுத்து வெளியிடுகிறார்கள். சமையலறையை பெரிய அளவில் மாற்றி அமைப்பவர்களுக்கு போட்ட காசு முழுசாக திரும்புவதில்லை. வாசல் கதவை மாற்றுவது போன்ற சின்ன வேலைகள்தான் அந்த பட்டியலில் முன்னால் நிற்கின்றன.

ரெண்டு வட்டி கணக்கு

பேச்சுக்கு ஒரு கணக்கு பார்க்கலாம். ஒரு வீடு இப்போது உள்ளபடியே ரூ.12 லட்சத்துக்கு போகும் என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் ரெண்டு வட்டிக்கு ரூ.2½ லட்சம் கடன் வாங்குகிறார். தரைக்கு டைல்ஸ், முன்பக்கம் எலிவேஷன், உள்ளே பட்டி பார்த்து பெயிண்ட் என்று செலவு செய்கிறார். மாசம் ரூ.5 ஆயிரம் வட்டி. வேலை முடிந்து, ஆள் கிடைத்து, பத்திரம் முடிய 8 மாதம் ஆனால் வட்டி மட்டும் ரூ.40 ஆயிரம். மொத்த செலவு ரூ.2 லட்சத்து 90 ஆயிரம்.

அவர் கேட்பது ரூ.15 லட்சம். வாங்க வருபவர் "டைல்ஸ் கலர் எங்களுக்கு புடிக்கல" என்று சொல்லி ரூ.13 லட்சத்தில் நிற்கிறார். கூடுதலாக கிடைப்பது ரூ.1 லட்சம். கையை விட்டு போனது ரூ.1 லட்சத்து 90 ஆயிரம். கடனை அடைக்க வீட்டை விற்றவர் புதுக்கடனோடு நிற்கிறார்.

இதைவிட மோசம், 8 மாதம் ஆகியும் விற்காமல் போவது. வட்டி ஏறும்போது "கிடைச்ச விலைக்கு தள்ளிவிடு" என்ற நிலைமை வந்துவிடும். அதற்காகவே காத்திருக்கும் புரோக்கர்களும் உண்டு.

எனவே முதல் விதி இதுதான். வட்டிக்கு வாங்கி அழகு வேலை செய்யக்கூடாது.

பயத்துக்கு ஒரு விலை

அப்படியென்றால் ஒரு பைசாவும் செலவு செய்யக்கூடாதா? அப்படியும் இல்லை. வாங்க வருபவரின் ஆசைக்காக செலவு செய்ய வேண்டாம். அவருடைய பயத்தை போக்குவதற்கு செலவு செய்யலாம்.

மாடியில் ஒழுகல் இருக்கிறது, அதை சரிசெய்ய ரூ.30 ஆயிரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவருக்கு அந்த கணக்கு தெரியாது. சீலிங்கில் ஈரத்தை பார்த்ததும் "தளமே போச்சோ" என்று பயப்படுவார். ரூ.30 ஆயிரம் வேலைக்கு விலையில் ரூ.1½ லட்சம் குறைப்பார். பலர் விலையே பேசாமல் போய்விடுவார்கள்.

டைல்ஸ் இல்லாத வீட்டை பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஒழுகுகிற வீட்டை பார்த்துதான் பயப்படுவார்கள். எதற்கு செலவு செய்வது, எதை விடுவது என்பதற்கு இதுவே அளவுகோல்.

மாடியில் ஏறி பாருங்கள்

முதலில் பார்க்க வேண்டியது மொட்டை மாடி. தண்ணீர் எங்கே தேங்குகிறது, வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா, தட்டோடு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கைப்பிடி சுவரில் அரசஞ்செடி, ஆலஞ்செடி முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் மறுபடியும் துளிர்த்து சுவரை பிளக்கும். கூலி ஆள் செலவோடு போய்விடும் வேலை இது.

சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது வேறு விஷயம். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே உள்ள காரையை தள்ளுகிறது. அதன்மேல் சிமெண்ட் பூசி மறைத்தால் அடுத்த மழையில் மறுபடியும் விழும். இதற்கு என்ஜினீயர் ஒருவரை வைத்து பார்த்துவிட வேண்டும். சரிசெய்யும் செலவு கட்டிடத்தின் மதிப்பையே தாண்டும் என்றால், அந்த வீட்டை மனை விலைக்கு விற்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து கழிவறை, தண்ணீர், கரண்ட். கழிவறை கதவு, அடைத்துக்கொண்ட குழாய், தொங்கும் சுவிட்ச் போர்டு, வேலை செய்யாத மோட்டார் ஆகியவற்றை சரி செய்ய அதிகம் ஆகாது. வீடு பார்க்க வருகிற குடும்பத்தில் பெண்கள் முதலில் பார்ப்பதும் சமையல்கட்டையும் கழிவறையையும்தான்.

சுவர் விரிசல்

சாலவாக்கம் சுற்று வட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ளன. 2021 பிப்ரவரியில் மதூர் கல்குவாரியில் பாறை சரிந்து விபத்து நடந்தது. எனவே வெளியூரில் இருந்து வருபவர்கள் சுவரில் விரிசலை பார்த்தால் "குவாரி வெடியால வந்ததா?" என்று கேட்பது சகஜம். குடியிருப்பு பகுதியில் இருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்கு அனுமதி தரக்கூடாது என்பது தமிழ்நாடு சிறு கனிம சலுகை விதி.

எல்லா விரிசலும் ஆபத்தானது அல்ல. முடி அளவு மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சில் மட்டும் இருக்கும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடி, விரல் நுனி நுழையும் அளவுக்கு இருந்தால் அஸ்திவாரம் இறங்கி இருக்கலாம்.

கண்டுபிடிக்க பழைய முறை ஒன்று உண்டு. விரிசலின் குறுக்கே ஒரு சின்ன கண்ணாடி துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி தேதியை எழுதி வைக்க வேண்டும். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். உடையாமல் இருந்தால் வாங்க வருபவரிடம் தைரியமாக அதையே காட்டலாம்.

பட்டி வைத்து விரிசலை மறைத்து, மேலே பெயிண்ட் அடித்து விற்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 1882-ம் ஆண்டு சொத்து மாற்று சட்டப்படி, விற்பவருக்கு தெரிந்து, வாங்குபவர் சாதாரணமாக பார்த்து கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது மோசடி. பத்திரம் முடிந்த பிறகும் கோர்ட்டு படி ஏற வேண்டி வரலாம்.

1,100 ஆண்டுக்கு முன்பே கேட்டார்கள்

வீட்டுக்கு செய்யும் மராமத்தைவிட முக்கியமானது பத்திரத்துக்கு செய்யும் மராமத்து.

பக்கத்தில் உள்ள உத்திரமேரூர் கல்வெட்டு உலகம் அறிந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி.920 வாக்கில் பொறிக்கப்பட்டது. குடவோலை முறையில் உறுப்பினராக வேண்டும் என்றால் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டி இருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டுள்ளது. வீடு எவ்வளவு அழகு என்று அன்றைக்கே கேட்கவில்லை. மனை சொந்தமா என்றுதான் கேட்டார்கள். இன்றைக்கு வாங்க வருபவரும் அதையேதான் கேட்கிறார், "பட்டா யார் பேர்ல இருக்கு?"

தாத்தா பேரில் பட்டா, அப்பா பேரில் வீட்டு வரி, அண்ணன் பேரில் கரண்ட் கனெக்ஷன் என்று இருந்தால் எவ்வளவு டைல்ஸ் ஒட்டினாலும் வீடு விற்காது. வாரிசு சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றி, வீட்டு வரி ரசீதையும் கரண்ட் இணைப்பையும் ஒரே பேருக்கு கொண்டு வந்தாலே வாங்குபவருக்கு பாதி பயம் போய்விடும். வில்லங்க விவரத்தை பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

பழைய பத்திரத்தில் "செங்கல்பட்டு மாவட்டம்" என்று இருப்பதை பார்த்து சிலர் குழம்புகிறார்கள். 1997-ல்தான் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சீபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. இப்போதுள்ள செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29-ந்தேதி உருவானது. உத்திரமேரூர் தாலுகா காஞ்சீபுரம் மாவட்டத்திலேயே தொடர்கிறது. இதை எடுத்து சொன்னால் போதும், பயப்பட ஒன்றும் இல்லை.

கூடப்பிறந்த அக்கா, தங்கைகளின் கையெழுத்தும் முக்கியம். "கல்யாணம் பண்ணி கொடுத்தாச்சே" என்று விட்டுவிட முடியாது. பூர்வீக சொத்தில் பெண்களுக்கு சம உரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்தது. அது பிறப்பால் வரும் உரிமை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்துவிட்டது.

குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை பத்திரம், செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு 2023 ஜூலை 10 முதல் முத்திரைத்தாள் கட்டணம் அதிகபட்சம் ரூ.40 ஆயிரம், பதிவு கட்டணம் அதிகபட்சம் ரூ.10 ஆயிரம். பெயிண்டுக்கு வைத்திருக்கும் காசை முதலில் இதற்கு செலவு செய்வதே மேல்.

எந்த மராமத்தும் உதவாத மனை

ஏரி புறம்போக்கு, ஓடை புறம்போக்கில் உள்ள வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் வீண். அரசு கொடுத்த இலவச மனைப்பட்டாவில் விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். பட்டாவை ஒரு முறை முழுசாக படித்துவிட வேண்டும்.

பஞ்சமி நிலம் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த திட்டத்துக்கு காரணமே அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கைதான். அதன் பேரில் 1892-ல் அரசு உத்தரவு வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்காக ஒதுக்கிய அந்த நிலத்தை மற்றவர்களுக்கு விற்றால் அந்த விற்பனை செல்லாது.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் உள்ள பிளாட்டும் சிக்கல்தான். 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் திட்டம் கொண்டு வரப்பட்டது. மனை வரன்முறை செய்யப்பட்டதா என்று பார்த்த பிறகே மற்ற செலவை பற்றி யோசிக்க வேண்டும்.

வாங்குபவரின் பத்திர செலவு

விற்பவர்கள் பலர் மறந்துவிடும் விஷயம் இது. விலை ஏற ஏற வாங்குபவரின் பத்திர செலவும் ஏறும்.

2023 ஏப்ரல் 1 முதல் கிரய பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவு கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம் என்று ஆனது. ரூ.12 லட்சம் வீட்டுக்கு ரூ.1 லட்சத்து 8 ஆயிரம். அதே வீட்டை செலவு செய்து ரூ.15 லட்சம் ஆக்கினால் ரூ.1 லட்சத்து 35 ஆயிரம். அந்த ரூ.27 ஆயிரத்தையும் அவர் மனசுக்குள் கூட்டித்தான் விலை பேசுவார்.

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு சலுகையும் வந்தது. ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தை பெண் பேரில் பதிவு செய்தால் பதிவு கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ரூ.9½ லட்சம் வீட்டை மனைவி பேரில் வாங்குபவருக்கு 8 சதவீதம் கணக்கில் ரூ.76 ஆயிரம். டைல்ஸ் ஒட்டி ரூ.10½ லட்சம் ஆக்கிவிட்டால் சலுகை போய்விடும், 9 சதவீதம் கணக்கில் ரூ.94 ஆயிரத்து 500. ரூ.10 லட்சத்தை ஒட்டி விலை போகும் வீடு என்றால் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

இதற்காக வீட்டை காலிமனை என்று காட்டி பதிவு செய்வது ஆபத்து. கட்டிடத்துக்கும் சேர்த்து மதிப்பு போடப்படும். இப்போது இடம் எங்கே என்று காட்டும் வகையில் எடுத்த போட்டோவையும் பத்திரத்தோடு சேர்க்க வேண்டி உள்ளது.

அட்வான்ஸ் தொகையிலும் கவனம் வேண்டும். ரூ.20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வருமான வரித்துறை அதே அளவு தொகையை அபராதமாக போடலாம். வங்கி மூலம் வாங்குவதே பாதுகாப்பு.

மராமத்துக்கு செலவு செய்தால் பில்லை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புதிய அறை, மாடி போன்ற செலவை லாபத்தில் இருந்து கழித்து வரி கணக்கு காட்டலாம். சாதாரண ரிப்பேர், பெயிண்ட் செலவை கழிக்க முடியாது.

எப்போது செலவு செய்யலாம்?

சில வீடுகளுக்கு பெரிய மராமத்தும் பலன் தரும். தளம் நல்ல நிலைமையில் உள்ள வீடு, பத்திரம் சுத்தம், வாங்குபவர் வங்கி கடன் எடுத்து உடனே குடிவருபவர் என்றால் செலவு வீண் போகாது. வங்கி என்ஜினீயர் வந்து மதிப்பு போடும்போது கட்டிடத்தின் நிலைமையையும் பார்ப்பார். ஆனால் நத்தம் மனைக்கு கடன் தர சில வங்கிகள் தயங்கும். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பழைய வீட்டை அப்படியே விற்பதாக இருந்தால் தேக்கு கதவு, ஜன்னல், தூண்களை மறந்துவிடக்கூடாது. அவற்றுக்கு தனி மார்க்கெட் இருக்கிறது. விலையில் அவையும் சேர்த்தியா, இல்லையா என்று அக்ரிமெண்டிலேயே எழுதிவிட வேண்டும்.

பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022-ல் வந்த பிறகு காஞ்சீபுரம் மாவட்டம் என்றாலே விலை எகிறும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த திட்டத்துக்கான கிராமங்கள் பட்டியலில் சாலவாக்கம் இல்லை. அந்த பேச்சை நம்பி லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு காத்திருக்க வேண்டாம். பக்கத்து தெருவில் கடைசியாக எந்த விலைக்கு பத்திரம் ஆனது என்று விசாரிப்பதே சரியான வழி.

விற்கும் முன் கேட்க வேண்டியவை

* பட்டா, மூலப்பத்திரம், வீட்டு வரி ரசீது, கரண்ட் கனெக்ஷன் எல்லாம் ஒரே பேரில் இருக்கிறதா?

* கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கையெழுத்து போட தயாரா?

* வாங்குபவர் குடியிருக்க வருகிறாரா, இடித்து கட்ட வருகிறாரா?

* ஒழுகல், விரிசல், கழிவறை, வயரிங் நான்கையும் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? இரண்டு மேஸ்திரியிடமாவது விலை கேட்டாச்சா?

* அந்த செலவு கையில் இருக்கும் காசா, வட்டிக்கு வாங்கும் காசா?

* 8 மாதம் விற்காவிட்டாலும் சமாளிக்க முடியுமா?

கடைசி கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால் ஒழுகலை அடைத்து, வீட்டை கூட்டி பெருக்கி, சுண்ணாம்பு அடித்து விலை சொல்லிவிடலாம்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடி வேலை நடக்காது. பங்குனி முதல் வைகாசி வரை வெயிலில் செய்தால் பூச்சு நன்றாக காயும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்க தயங்குபவர்கள் அதிகம். ஆவணியிலும் தையிலும்தான் ஆள் வருவார்கள். பொங்கலுக்கு எப்படியும் எல்லோர் வீட்டிலும் வெள்ளை அடிப்பார்கள். கோடையில் மாடியை முடித்து, மழையில் ஒழுகல் நின்றதா என்று பார்த்து, பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளையோடு தை மாதம் வீட்டை காட்டினால் அந்த வெள்ளைக்கு தனி செலவே இல்லை.